அமர்ந்தவாறு அளத்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் உரையின் தலைப்பைக் கேட்டபோது, "வீட்டில் பைஜாமா தைத்தல்" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அதைக் குறியீடாகக் கொண்டு கவிதையைப் பற்றிப் பேசப் போகிறீர்களா?" என்று கேட்டார்கள். "இல்லை, பைஜாமாவைப் பற்றித்தான்" என்றேன். அழைப்பிதழில் "தையலும் தமிழும்" என்று அச்சாகியிருக்கிறது. அதிலும் எனக்குக் குறையில்லை. ஆயினும் முதலில் கூறியபடியே பேசுகிறேன், பொறுத்தருள்க.

தையலைப் பற்றி ஓர் இலக்கிய அவையில் பேசுவது புதுமையன்று. நம் மொழி எப்போதும் தறிக்கும் ஊசிக்கும் பக்கத்திலேயே அமர்ந்து வளர்ந்தது. நூல் என்பது இழைக்கும் பெயர், ஏட்டுக்கும் பெயர். பனுவல் என்ற சொல்லும் அவ்வாறே. வெட்டப்படுவதனால் துணி, அறுக்கப்படுவதனால் அறுவை. சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றொருவர் இருக்கிறார். துணி விற்ற கையே பாட்டும் எழுதிற்று. சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது, துன்னகாரர் என்று தையற்காரரையும் மறவாமல் சேர்த்துக்கொள்கிறது. நன்னூற் பாயிரமோ ஒருபடி மேலே சென்று, புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவே உருவகம் செய்கிறது.

இவற்றுள் என் நெஞ்சை விட்டு அகலாதது புறநானூற்றின் 136ஆம் பாட்டு. பாடியவர், நம் பக்கத்துத் துறையூரின் பெயரையே தம் பெயரில் தாங்கிய துறையூர் ஓடைகிழார். பாடப்பட்டவன் ஆய் என்னும் வள்ளல். தம் கந்தல் உடையில் போட்ட தையல்களுக்கு யாழின் பத்தர்ப் புறத்தை உவமை கூறுகிறார் புலவர். அத்தையல் இடுக்குகளில் குடியேறிய பேன்களைத் தம் பகைவர் பட்டியலில் முதலில் வைக்கிறார். பசிகூட அதற்குப் பிறகுதான் வருகிறது. தைத்துத் தைத்து உடுத்தியவர்க்கே தையலின் உட்புறம் தெரியும். உடையின் உட்புறத்தைப் பாட ஒரு புலவர் வெட்கப்படவில்லை. அவர் தந்த துணிவில்தான் நானும் இங்கே நிற்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் மாமனாரை உங்களிற் பலர் அறிவீர்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இவ்வட்டத்தின் முதல் ஆண்டுக் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்து, பாட்டில் தளை தட்டினால் தலையை ஒருமுறை உயர்த்திப் பார்ப்பாரே, அவர்தாம். வெள்ளை வேட்டியைத் தவிர வேறொன்றை உடுத்தி அவரை யாரும் பார்த்ததில்லை. ஆறாண்டுகளுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடக்கையும் இடக்காலும் வலுவிழந்தன. பேச்சு மெல்லத் திரும்பியது. நடை கைத்தடியோடு திரும்பியது. வேட்டி கட்டும் திறன் மட்டும் திரும்பவில்லை. வேட்டி கட்ட இரண்டு கை வேண்டும் என்பதை அதற்கு முன் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அந்த நிலையிலும் ஒருநாள் கூட்டத்திற்கு வந்தார். அத்தை கட்டிவிட்ட வேட்டி. மாடிப்படியின் பாதியில் அது நழுவியது. ஒரு கையில் தடி, மற்றொரு கையோ உதவாத கை. பின்னால் ஏறி வந்த ஒருவர், அவர் யாரென்று கூறத் தேவையில்லை, வேடிக்கையாக ஏதோ சொன்னார். சொன்னவர் அன்றே மறந்திருப்பார். மாமா அப்படியே திரும்பி இறங்கிவிட்டார். அதன்பின் இரண்டாண்டுகள் அவர் இக்கூட்டத்திற்கு வரவில்லை. "உடல்நிலை சரியில்லை" என்று நாங்கள் சொல்லி வந்தது உண்மையன்று. இன்று அதைத் திருத்திக்கொள்கிறேன்.

பைஜாமா அணியலாமே என்று மகன் சொன்னபோது அவர், "அது நம் உடுப்பு இல்லையப்பா" என்றார். சொல்லைப் பொறுத்த அளவில் அவர் கூற்று சரியே. பாரசீகத்தில் பாய் என்றால் கால், ஜாமா என்றால் உடை. காலுடை என்பதே பொருள். இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் கைக்குப் போய், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் நாட்டில் இரவு உடையாகி, உலகெங்கும் பரவிய சொல் அது. "மாமா, நம் பக்கத்துக் கோரையில் நெய்வதும் பாய்தானே? அந்தப் பாயில் படுக்க இந்தப் பாய்ஜாமா" என்றேன். ஆசிரியர் அல்லவா, சிலேடைக்குச் சிரித்துவிட்டார். சிரிப்பை இசைவாகக் கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

அது பங்குனி மாதம். மதுரை காளியம்மன் திருவிழா நெருங்கிவிட்டால் நம்மூர்த் தையற்கடைகளின் நிலையை நீங்கள் அறிவீர்கள். புதுத் துணி எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். ஆகவே, என் அம்மா சீராகக் கொடுத்த மிதி இயந்திரத்தின் மேல் அடுக்கியிருந்த புத்தகங்களை இறக்கி வைத்தேன். எந்திரங்களின்மேல் ஐயம் கொண்டிருந்த காந்தியடிகளே 1924இல் தையல் இயந்திரத்திற்கு மட்டும் விலக்களித்தார். சிங்கர் தம் மனைவி கையால் தைத்துத் துன்பப்படுவதைக் கண்டு, அவ்வருத்தத்தைத் தீர்க்க அதை அமைத்தார் என்று காந்தியடிகள் எண்ணினார். ஒருவர் மேலுள்ள அன்பினால் பிறக்கும் எந்திரம் அவருக்கு உடன்பாடாக இருந்தது.

எனக்குத் தெரிந்தது இரவிக்கையும் பாவாடையும் மட்டுமே. கடையில் பாப்லின் துணி எடுத்தேன். மாமாவைக் கதவு நிலையில் சாய்ந்து நிற்கச் செய்து அளவெடுத்தேன். இரண்டு இரவுகளில் தைத்து முடித்தேன். அணிந்து நின்றபோது குறையே இல்லை. மகிழ்ந்து நாற்காலியில் அமர்ந்தார். பின்புறம் இடுப்பிலிருந்து சரிந்து இறங்கியது. நடுத்தையல் ஒலியோடு பிரிந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. கண்களை மூடிக்கொண்டார். மாடிப்படியில் கேட்ட சொல்லை அவர் மீண்டும் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றிற்று.

பிரிந்த துணியை எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் நாற்பது ஆண்டுகளாகத் தைத்துவரும் முதியவர் ஒருவரிடம் போனேன். திருவிழா நெருக்கடியிலும் அதை வாங்கி, உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். "நிற்க வைத்து அளந்தாயா அம்மா?" என்றார். ஆம் என்றேன். "நிற்கிறவருக்குத் தைத்திருக்கிறாய். அவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறவர். உட்கார வைத்து அள" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, காசும் வாங்கவில்லை.

அவர் சொன்னதன் விரிவை இனி விளக்குகிறேன். உங்கள் வீடுகளிலும் இது என்றேனும் உதவும்.

தட்டையான பலகை நாற்காலியில் ஒருவரை நேராக அமரச் செய்து, இடுப்பிலிருந்து பலகை வரை பக்கவாட்டில் அளக்க வேண்டும். மாமாவுக்கு அது 10 அங்குலம். அதனோடு ஒன்றரை அங்குலம் தளர்வு சேர்க்க வேண்டும். கால் பிரியும் இடத்தின் ஆழம் அதுவே. அடுத்து, பிட்டத்தின் மிக அகன்ற இடத்தில் சுற்றளவு. தையற்காரர் சீட் என்பார்கள். மாமாவுக்கு 36 அங்குலம். அதிற் பாதி 18. தளர்வுக்கு 4, தையலுக்கு 1. ஆக ஒரு காலின் மேற்பகுதி அகலம் 23 அங்குலம். கால் பிரியும் இடத்தில் முன்பக்கம் 2 அங்குலமும் பின்பக்கம் 4 அங்குலமும் கூடுதலாக நீட்டிக்கொண்டால் 29 வரும். முன்பக்க வளைவும் பின்பக்க வளைவும் ஒன்றல்ல. பின்பக்கம் ஆழமாக வளைய வேண்டும்; பின் இடுப்பு முன் இடுப்பைவிட ஒன்றரை அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். அமரும்போது உடல் கேட்கும் துணி அந்த ஒன்றரை அங்குலந்தான். அதை நான் கொடுக்கவில்லை. ஆகவே அது தையலைக் கிழித்து எடுத்துக்கொண்டது.

இவ்வாறு வெட்டினால் ஒரு காலுக்கு ஒரே துண்டு. வெளிப்பக்கத் தையலே தேவையில்லை. ஒவ்வொரு காலையும் தனித்தனியே உட்பக்கத்தில் தைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு காலை நல்ல பக்கம் வெளியே தெரியத் திருப்பி, மற்றதனுள் நுழைத்து, முன் இடுப்பிலிருந்து பின் இடுப்பு வரை வளைவை ஒரே ஓட்டமாகத் தைக்க வேண்டும். அந்த வளைவில் இரட்டைத் தையல் கட்டாயம். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காய வைக்க வேண்டும். இல்லையெனில் முதல் சலவையிலேயே கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும்.

இரண்டாம் முறை புதுத் துணி வாங்கவில்லை. மாமாவின் நான்கு முழ வேட்டி ஒன்றைக் கேட்டேன். கெட்டி நெசவு, பலமுறை துவைத்ததனால் இனிச் சுருங்காது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், 50 அங்குல அகலம். வேட்டியின் அகலவாட்டில் காலின் நீளம் வருமாறு துணியை விரித்தேன். அப்போதுதான் கண்டேன்: வேட்டியின் கரை அப்படியே கணுக்காலில் வந்து அமர்கிறது. கரை பிசிறாது, ஆதலால் கீழே மடித்துத் தைக்கவும் வேண்டியதில்லை. மேல் இடுப்பில் வெட்டி நீக்கிய கரையைச் சிறு வளையமாக்கிப் பின்பக்கத்தின் உள்ளே தைத்தேன். கண்ணால் பாராமலே, விரலால் தடவி முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அவர் அறிந்துகொள்ளலாம். நாடாவை ஒற்றைக் கையால் முடிச்சிட இயலாது; ஆகவே ஓரங்குல எலாஸ்டிக் வைத்தேன். எஞ்சிய துணியில் அமருமிடத்திற்கு உள்ளே இன்னொரு அடுக்கும், வலப்பக்கம் ஒரு பையும். வலக்கை எட்டும் இடத்தில், மூக்குக் கண்ணாடியும் மடித்த தாளும் கொள்ளும் பை.

அணியும் முறையையும் கற்றுக்கொண்டோம். வலுவிழந்த காலை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். பத்து நாளில் மாமா பிறர் உதவியின்றித் தாமே அணிந்துகொண்டார். அன்று அத்தை வாசலுக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார்.

ஆனால் சிக்கல் தீரவில்லை. வீட்டில் ஒருவர் மட்டும் பைஜாமா அணிந்தால் அது நோயாளியின் உடுப்பாகிவிடுகிறது. உறவினர் வரும்போதெல்லாம் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். அன்றிரவு என் கணவரிடம், "எல்லார்க்கும் தைக்கப் போகிறேன்" என்றேன்.

கரூரில் நெய்த பருத்திப் படுக்கை விரிப்பு, இருவர் படுக்கும் அளவு, 90 அங்குலத்திற்கு 100 அங்குலம். மேல் கீழ் என்ற வேறுபாடு இல்லாத கட்டம் போட்டது. குறுக்கே பாதியாக வெட்டினால் 45 அங்குல உயரத்தில் இரண்டு பட்டைகள். கால்களை ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் மாற்றி மாற்றி அடுக்கினால், ஒவ்வொரு பட்டையிலும் பெரியவர் ஒருவர்க்கும் சிறுவர் ஒருவர்க்கும் துணி அடங்கிவிடும். கணவர்க்கு, எனக்கு, பிள்ளைகள் இருவர்க்கு என நான்கு பைஜாமாக்கள் ஒரே விரிப்பில் முடிந்தன. பிள்ளைகளுக்குக் கணுக்காலில் மூன்று அங்குலம் உள்மடிப்பு விட்டேன். வளர வளரப் பிரித்துவிடலாம். மாமாவுக்கு இன்னொரு விரிப்பிலிருந்து அதே கட்டம். "உங்களுக்கும் தைக்கட்டுமா அத்தை?" என்று கேட்டேன். "போடி, என் சேலைக்கு என்ன குறை?" என்றார். ஆயினும் எல்லா இடுப்பிலும் எலாஸ்டிக்கைக் கோத்து முடித்தவர் அவர்தாம்.

திருவிழாவுக்கு வந்த உறவினர் கண்டது, ஒரே கட்டம் போட்ட ஐந்து பேரை. சிரித்தார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். போர்வை மடித்த இடத்திலேயே கிடந்தது.

அன்பர்களே, தைக்கும் கைகளைப் பற்றி ஒரு சொல். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையைத் தமிழகமெங்கும் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தினர் தைக்கிறார்கள். 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு இணை என ஆயிற்று. இலட்சக்கணக்கான உடல்களை உடுத்தும் அக்கைகளில், இரவில் பாட்டெழுதும் கைகள் சில இல்லாமற் போகா. தையல் என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருள் கூறி மகிழ்கிறோம். நன்னூலார் புலவனையே பெண்ணாக உருவகித்ததைப் போற்றுகிறோம். எனினும் இப்பத்தாண்டுகளில் நம் கவியரங்க மேடையில் ஏறிய பெண்களை எண்ணக் கைவிரல்கள் போதும். நம் கூட்டம் மாலை 6 மணிக்குத் தொடங்குகிறது. அது அடுப்பு மூட்டும் நேரம். பிள்ளைகளைப் படிக்க அமர்த்தும் நேரம். நின்று கேட்கும் நேரமுள்ளவர்களை வைத்தே நாம் அளவெடுத்திருக்கிறோம்.

மாமா மீண்டும் கூட்டத்திற்கு வந்ததை நீங்கள் நினைவில் வைத்திருக்கலாம். வேட்டித் துணியில் தைத்த அந்த வெள்ளைப் பைஜாமாவும் வெள்ளைச் சட்டையும். தொலைவிலிருந்து பார்த்தால் கணுக்காலில் கரை மட்டும் தெரியும். அன்று இருவர் தாங்கிப்பிடிக்க மாடியேறி வந்து, கடைசி வரிசையில் அமர்ந்தார். பையிலிருந்து தாளை எடுத்துத் தம் வெண்பா ஒன்றை வாசித்தார். பேச்சு குழறியதனால் அது பலர்க்கும் விளங்கவில்லை. ஆயினும் அவை அமைதியாக இருந்தது. அதற்காக இந்த வட்டத்திற்கு நான் என்றும் நன்றியுடையேன். ஆனால் அதுவே அவருடைய கடைசிக் கூட்டமாயிற்று. இருவர் தாங்காமல் ஏற முடியாத இடத்திற்குத் திரும்பவும் போக அவர் விரும்பவில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

அவருடைய பைஜாமாவைப் பிரித்து என் மகனுக்குக் கால்சட்டை தைத்தேன். அவன் அதையும் தாண்டி வளர்ந்துவிட்டான். இப்போது அத்துணி அடுப்பங்கரையில் இருக்கிறது. சட்டி இறக்கப் பயன்படுகிறது. கரை மட்டும் இன்னும் நைந்து போகவில்லை.

கவிஞர்களுக்குக் கூற எனக்குப் பெரிய கொள்கை எதுவும் இல்லை. யாப்பு என்றால் கட்டுதல் என்பதை நீங்கள் அறிவீர்கள். கட்டும்போது அமருமிடத்திற்குச் சற்றே தளர்வு விடுங்கள். எழுந்து நின்று கைதட்டுபவரின் அளவில் மட்டும் எழுதாமல், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் அளவையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எழுதி முடித்தபின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். குறை அங்கேதான் தெரியும்.

பொறுப்பாளர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். பதினோராம் ஆண்டின் முதல் கூட்டத்தை மாடியிலிருந்து கீழே இறக்குங்கள்; சிறிய இடமானாலும் போதும், தரைத்தளமாக இருக்கட்டும். மாதத்தில் ஒரு கூட்டத்தையேனும் ஞாயிறு முற்பகலில் வையுங்கள். வராதவர்களை "ஆர்வமில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன், அவர்களை அமர வைத்து ஒருமுறை அளவெடுப்போம்.

பைஜாமா தைக்க விரும்புவோர், கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கலாம். அளவுநாடா கொண்டு வந்திருக்கிறேன். நாற்காலிகள் இங்கேயே இருக்கின்றன.